குளத்து ரோட்டில் மூன்று எலுமிச்சம்பழங்கள்

எங்கள் சித்தப்பா தம் வாழ்நாளில் ஒரே ஒரு சைக்கிள் பந்தயத்தில்தான் ஓட்டினார். அதில் ஏழாவதாக வந்தார். ஏழாவதாக வருகிறவரை ஊர் மறுநாளே மறந்துவிடும். எங்கள் தோட்டத்துச் சனங்கள் மட்டும் அவரை வருடக்கணக்காக மறக்கவில்லை. கல்யாண வீட்டிலோ கருமாதி வீட்டிலோ நாலு பேர் சேர்ந்தால் போதும், ‘முனியாண்டிக்கு மரியாதை குடுத்து வேலைய விட்டவன்’ கதை வந்துவிடும். சித்தப்பாவும் தலையைச் சொறிந்துகொண்டு சேர்ந்து சிரிப்பார். அந்தக் கதையில் நானும் இருக்கிறேன் என்பது அவருக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். அதில் என் பங்கு என்ன என்பது நெடுநாள் அவர் ஒருவருக்கு மட்டுமே தெரிந்திருந்தது.

எழுபதுகளின் நடுப்பகுதி. எனக்கு ஒன்பது வயது. மலேசியாவில் பத்து காஜா என்ற டவுனிலிருந்து ஐந்து கட்டை தள்ளி எங்கள் தோட்டம். மைலை நாங்கள் கட்டை என்றுதான் சொல்வோம். தோட்டத்துக்கு ஒரு பக்கம் கித்தா மரங்கள், அதாவது ரப்பர். மறுபக்கம் ஈயம் தோண்டிவிட்டுக் கைவிட்டுப் போன குளங்கள், எண்ணி மாளாது. ஒன்று நீலமாக இருக்கும், ஒன்று பச்சையாக இருக்கும், மழை பெய்த மறுநாள் ஒன்று பால் ஊற்றிய தேத்தண்ணி நிறத்துக்கு வந்துவிடும். சுற்றிலும் வெள்ளை மணல் மேடுகள். ஈப்போ பக்கத்துச் சுண்ணாம்பு மலைகள் தூரத்திலிருந்து வந்து அந்தத் தண்ணீரில் தலைகீழாக நிற்கும். இப்போது அந்தக் குளங்களைப் பார்க்கவென்றே வெளியூரிலிருந்து பளபளக்கும் சைக்கிளில் ஆட்கள் வருகிறார்களாம். அப்போது அந்த ரோட்டில் சைக்கிள் மிதித்தவர்கள் கித்தாப் பால் வாளியைக் கட்டிக்கொண்டு போனார்கள், இல்லையென்றால் வாத்துத் தீவனம் ஏற்றிக்கொண்டு போனார்கள். அழகாக இருக்கிறதே என்று யாரும் இறங்கி நின்றதாக எனக்கு ஞாபகம் இல்லை.

சித்தப்பா மட்டும் நிற்பார். அப்பாவின் தம்பி அவர், எங்களோடுதான் இருந்தார். இருபத்து மூன்று வயது. அதிகாலையில் மரம் வெட்டப் போய், அதாவது கித்தாப் பட்டையைச் சீவி, பால் எடுத்துக் கொடுத்துவிட்டு, மத்தியானம் குளித்து முடித்ததும் சைக்கிளை எடுத்தால் பொழுது சாய்ந்துதான் வருவார். “ஊர் சுத்துறதுக்கு எவனாச்சும் சம்பளம் குடுத்தா நீ பெரிய ஆளாயிருவடா” என்று அப்பா திட்டுவார். யாரோ அதைக் கேட்டுக்கொண்டிருந்ததுபோல அந்த வருடம் ஒரு பந்தயம் வந்தது.

பக்கத்தில் ஈயம் தோண்டும் கம்பெனி ஒன்றில் ஒரு வெள்ளைக்காரத் துரை இருந்தார். அவருக்குச் சைக்கிள் பைத்தியம். கம்பெனிக்கென்று ஓட்டக்காரர்கள் வேண்டும் என்று, குளங்களைச் சுற்றிப் பத்துக் கட்டைக்கு ஒரு பந்தயம் வைத்தார். முதலில் வருகிறவருக்கு ஒரு கோப்பை, கம்பெனி ஸ்டோரில் நிரந்தர வேலை. கோப்பையைப் பற்றி எங்கள் லயத்து வரிசை வீடுகளில் ஒருவரும் பேசவில்லை. தோட்டத்தைத் துண்டு துண்டாக வெட்டி விற்றுக்கொண்டிருந்த காலம் அது. துண்டு வாங்கியவர்கள் தங்கள் ஆட்களைக் கொண்டுவந்து மரம் வெட்டினார்கள். சித்தப்பாவுக்கு வாரத்தில் மூன்று நாள் வேலை கிடைத்தால் பெரிது. அதற்கு மேல், சிலிம் ரிவர் என்ற ஊரில் அவருக்கு ஒரு பெண் பேசியிருந்தார்கள். “பையன் நல்ல பையன்தான். நெரந்தர வேலைன்னு ஒண்ணு ஆகட்டும், தேதி பாத்துக்கலாம்” என்று பெண்ணின் அப்பா சொல்லிவிட்டுப் போயிருந்தார். அந்த அக்காவின் போட்டோவைச் சித்தப்பா பஞ்சர் ஒட்டும் டப்பாவுக்குள் வைத்திருந்தார். டியூப் ஒட்டாத நாளிலும் அவர் டப்பாவைத் திறப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

ஆக, முதலில் வந்தால் வேலை, வேலை கிடைத்தால் கல்யாணம். ஒன்பது வயதுக்குக்கூட இது விளங்கியது. சித்தி வந்தால் எனக்குத் தலை பின்னிவிட ஒரு ஆள் கிடைக்கும் என்பது என் சொந்தக் கணக்கு.

இரண்டு மாதம் தினமும் பயிற்சி. பயிற்சிக்கு நான்தான் சுமை. “ஏறு பாப்பா. ஒரு மூட்ட அரிசி கனம் இருக்க நீ. ஒன்ன வச்சுக்கிட்டே இந்த ரோட்ட சுத்திட்டா, நீ இல்லாத அன்னிக்கு நான் பறந்துருவேன்லா” என்று பின்னால் கேரியரில் ஏற்றிவிடுவார். கேரியரில் உட்கார்ந்தவளுக்கு முன்னால் என்ன வருகிறது என்று தெரியாது. சித்தப்பாவின் வேர்த்த முதுகுதான் தெரியும். அதனால் பக்கவாட்டிலும் கீழேயும் பார்த்தே அந்த ரோட்டை மனப்பாடம் செய்தேன். முதலில் தார் ரோடு. பிறகு பலகைப் பாலம். பலகைகள் வரிசையாகக் கடகடவென்று அடிக்கும்போது பல்லைக் கடித்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் நாக்கு மாட்டிக்கொள்ளும். அப்புறம் வாத்துப் பண்ணை. அங்கே பண்ணை முதலாளியான சீனத் தவுக்கே பனியனோடு நின்று நாங்கள் சுற்றி வருகிற ஒவ்வொரு தடவையும் ஏதோ கத்துவார். திட்டுகிறார் என்று நினைத்திருந்தேன். உற்சாகப்படுத்துகிறார் என்று சித்தப்பா சொன்னார். அப்புறம் தாமரை மண்டிய குளம், தூண்டில் போடும் மலாய்க்காரர்கள், அதைத் தாண்டிப் பெரிய நீலக்குளத்தை ஒட்டி நீளமாக வளையும் செம்மண் ரோடு. செம்மண் ரோட்டில் லாரி போய்ப் போய் இரண்டு தடம் விழுந்திருக்கும். எல்லோரும் தடத்தில் ஓட்டுவார்கள். தடத்தில் மணல் சேர்ந்து சக்கரத்தை இழுக்கிறது என்று சித்தப்பா மட்டும் இடப்பக்க ஓரமாக, புல்லை உரசிக்கொண்டு, ஒரு சாண் அகலத்துக்குக் கெட்டியாகக் கிடந்த மண்ணில் ஓட்டுவார். நான் குனிந்து பார்த்துக்கொண்டே வருவேன். சக்கரம் அந்த ஒரு சாணை விட்டு விலகவே விலகாது.

நீலக்குளம் முடிகிற இடத்தில்தான் முனியாண்டி இருந்தார். எங்கள் தோட்டத்தின் பழைய எல்லை அது. தகரக் கூரை, மூன்று பக்கம் சுவர், உள்ளே அரிவாளோடு முனி. அவரைத் தாண்டும்போது தோட்டத்தில் யாராக இருந்தாலும் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போவார்கள். மோட்டாரில் வருகிறவர்கள் எஞ்சினை நிறுத்திவிட்டுத் தள்ளுவார்கள். அப்படி இறங்காமல் போனவனுக்குக் கால் போனதாகவும், இன்னொருவனுக்குப் பேச்சு போனதாகவும் கதைகள் உண்டு. கால் போனவனையும் பேச்சு போனவனையும் நான் கண்ணால் கண்டதில்லை. அதனால் பயம் குறைந்துவிடுமா என்ன?

பந்தயத்தில் இறங்கித் தள்ளினால் யார் முதலில் வருவது? வீட்டில் இது பெரிய வழக்காகிவிட்டது. “சாமிக்குத் தெரியாதா தம்பி, ஒரு நாளைக்குத் தானே” என்றார் அம்மா. அப்பா அவ்வளவு சுலபமாக விடுகிற ஆள் இல்லை. “கேட்டுட்டுச் செய்வோம்” என்று பூசாரியிடம் போனார். பந்தயத்துக்கு முந்திய வெள்ளிக்கிழமை பூக்கட்டிப் பார்த்தார்கள். ஒரு இலைத் துண்டில் சிவப்புச் செம்பருத்தி, இன்னொன்றில் வெள்ளை நந்தியாவட்டை. இரண்டையும் ஒரே மாதிரி மடித்து நூல் சுற்றி முனியின் காலடியில் போடுவார்கள். கள்ளம் தெரியாத பிள்ளை ஒன்று கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் சம்மதம், சிவப்பு வந்தால் மறுப்பு.

கள்ளம் தெரியாத பிள்ளையாக என்னை நிறுத்தினார்கள்.

நான் கண்ணை மூடினேன். முழுக்க மூடவில்லை. இடது பக்கத்துப் பொட்டலத்தில் மடிப்பு பிரிந்து ஒரு வெள்ளை இதழ் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. சித்தப்பாவின் முகத்தையும் பார்த்தேன். கை தானாக இடது பக்கம் போனது. பூசாரி பிரித்துக் காட்டினார். “குடுத்துட்டாருலா!” என்று அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். சித்தப்பா என்னைத் தூக்கித் தட்டாமாலை சுற்றினார். நான் ஏமாற்றியது அப்பாவையோ பூசாரியையோ அல்ல. அரிவாளோடு நிற்கிறவரை.

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. முனி உண்மையில் சம்மதம் கொடுக்கவில்லை. கொடுக்காத சம்மதத்தை வைத்துக்கொண்டு சித்தப்பா இறங்காமல் போகப்போகிறார். அவருடைய கால் போகப்போகிறது. போனால் அது என் கையால் போனது. யாரிடம் சொல்வது? சொன்னால் மறுபடி பூக்கட்டுவார்கள், சிவப்பு வரும், வேலை போய்விடும், சித்தி வரமாட்டார். சொல்லாவிட்டால் கால். ஒன்பது வயதில் நான் பட்ட பாடு பகையாளிக்கும் வரக்கூடாது.

அப்போதுதான் தோட்டத்து லாரி ஞாபகம் வந்தது. புது லாரி வந்த அன்று பூசாரி நாலு சக்கரத்துக்கும் கீழே எலுமிச்சம்பழம் வைத்தார். லாரி நசுக்கிக்கொண்டு போனது. “இனிமே இதுக்கு ஒரு குத்தமும் வராது, எந்தக் கண்ணும் படாது” என்று சொன்னார். சாமி குற்றத்துக்கும் அது சரிப்படும் என்று நானே முடிவு செய்தேன். சித்தப்பாவின் சக்கரம் எலுமிச்சம்பழத்தை நசுக்கிவிட்டால் முனியால் ஒன்றும் செய்ய முடியாது.

பந்தயத்தன்று காலையில் சித்தப்பா மட்கார்டு, செயின் மூடி எல்லாவற்றையும் கழற்றினார். கைப்பிடியைத் தலைகீழாகத் திருப்பிப் பூட்டினார், பந்தய சைக்கிள் மாதிரி வளைந்து வந்துவிட்டது. கடைசியில் கேரியரையும் கழற்றினார். என் இடம் போய்விட்டதே என்று எனக்கு அழுகை வந்தது. “அழுவாத பாப்பா. செயிச்சுட்டு வந்து மொதல்ல அதத்தான் பூட்டுவேன்” என்று கேரியரை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். தோட்டமே லாரியில் ஏறி டவுனுக்குப் போனது. பந்தயம் முடிகிற இடம் அங்கேதான். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு நான் ஏறியிருப்பேன் என்று அம்மா நினைத்துக்கொண்டார்.

நான் வேலியோரத்து எலுமிச்சைச் செடியில் நல்ல பெரிய பழமாக மூன்று பறித்து, குங்குமம் தடவி, மரங்களுக்கு நடுவே ஓடி முனியாண்டி கோயிலுக்குப் போனேன். முனியை நிமிர்ந்து பார்க்கவில்லை. ரோட்டின் இடப்பக்க ஓரத்தில், புல்லை ஒட்டி, அந்த ஒரு சாண் மண்ணில் மூன்றையும் அடுத்தடுத்து வைத்தேன். வேறு யார் சக்கரமும் அங்கே வராது. அவ்வளவு துல்லியமாக வைத்ததற்கு நானே என்னை மெச்சிக்கொண்டேன். பிறகு கோயில் சுவருக்குப் பின்னால் மறைந்து நின்றேன்.

முதலில் வந்தது சித்தப்பாதான். நீலக்குளத்தின் அந்தக் கோடியில் ஒரு வெள்ளைச் சட்டை தெரிந்தது. அவருக்குப் பின்னால் இரண்டு வளைவு வரைக்கும் ரோடு காலி. குளத்தை ஒட்டி அவர் குனிந்து மிதித்து வந்த வேகத்தை இன்றைக்கும் என்னால் கண்ணை மூடிக்கொண்டு பார்க்க முடியும், இந்தத் தடவை முழுக்க மூடிக்கொண்டு. கோயில் நெருங்கியது. அவர் இறங்கவில்லை. முன்சக்கரம் சரியாக அந்த ஒரு சாண் மண்ணில் வந்தது.

அடுத்து நான் பார்த்தது, சித்தப்பா தரையில் கிடந்தார். சைக்கிள் அவருக்கு அப்பால் கிடந்தது, பின்சக்கரம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. மெல்ல எழுந்து உட்கார்ந்தார். முழங்காலில் ரத்தம். கையை ஊன்றிய இடத்தில் ஒரு பழம் கிடந்தது. அதை எடுத்துக் குங்குமத்தைப் பார்த்தார். தலையைத் தூக்கினார். சுவரோரத்தில் என் முகம்.

எனக்குப் பயமே இல்லை. சந்தோஷமாக இருந்தது. கால் இருந்தது. போகவேண்டிய கால் வெறும் சிராய்ப்போடு தப்பித்திருந்தது. பழம் வேலை செய்துவிட்டது.

அவர் சைக்கிளைத் தூக்கவில்லை. ரோட்டில் குனிந்து இரண்டாவது பழத்தை எடுத்தார். மூன்றாவதைத் தேடினார். அது எங்கோ உருண்டு போயிருந்தது. வளைவுக்கு அப்பால் மணி அடிக்கும் சத்தம் கேட்டது. அவர் நொண்டிக்கொண்டு அங்கும் இங்கும் தேடினார். “அதோ சித்தப்பா, அந்தப் புல்லுக்குள்ள!” என்று நான்தான் காட்டினேன். எடுத்து மூன்றையும் காற்சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அதற்குள் முதல் ஆள் கடந்து போனான். அப்புறம் இரண்டு பேர் சேர்ந்தாற்போல. அப்புறம் இன்னும் மூன்று பேர். சித்தப்பா முன்சக்கரத்தை முழங்கால்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு, கோணிப்போன கைப்பிடியை முறுக்கி நேராக்கினார். ஏறுவதற்கு முன்னால் என் பக்கம் திரும்பினார்.

“பாப்பா, பழம் வச்சத யாருகிட்டயும் சொல்லக்கூடாது. சொன்னா பலிக்காது. தெரியுதா? அம்மாகிட்டகூட.”

தலையாட்டினேன். முனி சம்பந்தப்பட்ட விஷயங்களுக்கு அப்படி ஒரு சட்டம் இருப்பது எனக்கு நியாயமாகவே பட்டது.

டவுனில் அவர் சொன்னது இவ்வளவுதான்: “முனி முன்னால எறங்காம போக மனசு வரலண்ணே. பிரேக்க புடிச்சேன், வழுக்கிருச்சு.”

அப்பா அவரை அடிக்காதது ஒன்றுதான் குறை. “பூ குடுத்த பெறகும் எறங்குனியாடா? சாமியே போன்னு சொல்லிருச்சு, ஒனக்கென்னடா?” என்று கத்தினார். பிறகு ஒரு மாதம் தம்பியோடு பேசவில்லை. பூசாரி ஒருவர்தான் பெருமைப்பட்டார். மற்றவர்களுக்கு அது சிரிப்புக் கதையாகிவிட்டது. ஸ்டோர் வேலை வேறு ஒருவனுக்குப் போனது. சிலிம் ரிவரிலிருந்து கொஞ்ச நாள் ஒரு பேச்சும் இல்லை. அப்புறம் அந்த அக்காவுக்கு வேறு இடத்தில் கல்யாணம் என்று பத்திரிகை வந்தது. அன்று சித்தப்பா பஞ்சர் டப்பாவைத் திறந்து போட்டோவை எடுத்து அம்மாவிடம் கொடுத்து, “திருப்பி அனுப்பிருங்க அண்ணி” என்றார். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அடுத்த வருடம் அவர் ஹுத்தான் மெலிந்தாங் பக்கம் தென்னந்தோட்ட வேலைக்குப் போனார். போகுமுன் மறக்காமல் கேரியரைப் பூட்டி, என்னை ஏற்றிக் குளத்து ரோட்டில் ஒரு சுற்று கூட்டிப்போனார். முனியாண்டி கோயிலில் இருவரும் இறங்கித் தள்ளினோம். “பாத்தியா சித்தப்பா, கால் போவல” என்று நான் சொன்னேன். “ஆமாலா” என்றார்.

இந்தக் கதையைப் பல வருடம் நானும் மற்றவர்களைப் போலத்தான் நம்பியிருந்தேன். சித்தப்பா கடைசி நேரத்தில் முனிக்குப் பயந்து பிரேக் பிடித்தார், என் பழம் அவரைக் காப்பாற்றியது. வேலையை நினைத்து வருத்தப்படும்போதெல்லாம் காலை நினைத்துத் தேறிக்கொண்டேன்.

எண்பதுகளில் எங்கள் தோட்டம் முழுக்கக் கைமாறி, நாங்கள் ஈப்போவில் ஒரு பலகை வீட்டுக்கு வந்துவிட்டோம். எனக்குத் தமிழ்ப்பள்ளியில் தற்காலிக ஆசிரியை வேலை கிடைத்தது. போய்வர ஒரு சின்ன மோட்டார் சைக்கிள் வாங்கினேன். சித்தப்பா ஹுத்தான் மெலிந்தாங்கிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தார். தலை நரைக்கத் தொடங்கியிருந்தது, கல்யாணம் ஆகியிருக்கவில்லை. அம்மா சூடம் காட்டிவிட்டு எலுமிச்சம்பழங்களைக் கொண்டுவந்தார். சித்தப்பாதான் வாங்கிக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பழத்தைச் சக்கரத்தோடு ஒட்ட வைத்து அழுத்தினார்.

“நின்ன எடத்துலேருந்து மெதுவா ஏத்து பாப்பா. வேகமா வந்து ஏறுனா பழம் நசுங்காது, உருளும்.”

சொல்லிவிட்டுச் சட்டென்று நிறுத்தினார். என்னைப் பார்க்காமல் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் மெல்ல ஏற்றினேன். பழம் நசுங்குவது கைப்பிடி வரைக்கும் தெரிந்தது.

“சித்தப்பா, அன்னிக்கு…”

“கெளம்பு, கெளம்பு. மழ வரப்போவுது” என்று எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டார்.

இரண்டு வளைவு முன்னால் வந்தவர் அவர். விழுந்து எழுந்த பிறகும் கைப்பிடியை நேராக்கி ஏறிப் போக அவருக்கு நேரம் இருந்தது. அந்த நேரத்தை அவர் பழம் பொறுக்கப் போட்டார். பின்னால் வருகிறவனும் அதில் வழுக்கி விழக்கூடாது. இதை இங்கே வைத்தது யார் என்று ஒருவரும் கேட்கக்கூடாது. வைத்தவளுக்கேகூடத் தெரியக்கூடாது. நீலக்குளத்தோரம் நின்ற அந்த ஒன்பது வயதுக்காரிக்கு இதில் ஒன்றும் விளங்கவில்லை. புல்லுக்குள் கிடந்த மூன்றாவது பழத்தைச் சித்தப்பாவுக்கு முன்னால் தான் கண்டுபிடித்துவிட்ட பெருமையில், ஆறு சைக்கிள்களும் கடந்து போகப் போக, அவள் கோயில் சுவரோரம் குதித்துக் குதித்துக் கைதட்டிக்கொண்டிருந்தாள்.